வாசம் வராத சாப்பாடு

நவம்பர் 3

அன்புள்ள அண்ணிக்கு,

நலமா என்று கேட்டுத்தான் தொடங்க வேண்டும். அந்த வீட்டில் யாரும் நலமாக இல்லை என்று தெரிந்துகொண்டே கேட்டால் நக்கல் மாதிரி இருக்கும். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

போனில் என் நம்பரைத் தடுத்து வைத்திருக்கிறீர்கள். வாசலில் வந்து நின்றால் கதவைத் திறக்க மாட்டீர்கள். கடிதத்தை மட்டும் படிப்பீர்கள் என்று ஒரு நம்பிக்கை. வரைபட ஆபீசில் இருபது வருஷம் குப்பை கொட்டியவர், கைக்கு வந்த காகிதத்தில் பிழை கண்டுபிடிக்காமல் கீழே வைக்க மாட்டார்.

அண்ணனை நான் பார்த்து ஆறு வாரம் ஆகிறது. செய்த தப்பை நான் மறுக்கவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை நீங்கள் துணி துவைத்துக்கொண்டிருந்தீர்கள். அண்ணன் இடது கையால் வாயைக் காட்டி, வயிற்றைக் காட்டி, கண்ணால் கெஞ்சினான். ஃப்ரிட்ஜில் ஒட்டியிருந்த உங்கள் அட்டவணையில் நாலு மணிக்குத்தான் சாப்பாடு. அப்போது மணி இரண்டரை. "பொறுடா, ஸ்கேல் வந்தா அடிப்பாங்க" என்று சொல்லிக்கொண்டேதான் சூப்பில் ரொட்டியை ஊறவைத்து இரண்டு ஸ்பூன் கொடுத்தேன். (உங்களுக்கு நான் வைத்திருக்கும் பட்டப்பெயர் அது. இனிமேல் மறைத்து என்ன ஆகப்போகிறது.) அப்புறம் இருமல், ஆம்புலன்ஸ், நுரையீரலில் சளி கட்டி பதினொரு நாள் ஐசியூ. ஜனவரியில் பக்கவாதம் வந்தபோது போட்ட மூக்குக் குழாயை ஜூலையில்தான் எடுத்தார்கள். அதைத் திரும்பவும் மாட்டவைத்தது என் இரண்டு ஸ்பூன். ஆஸ்பத்திரிப் படியில் சித்தி முன்னால் நீங்கள் சொன்னீர்களே, "உன் கையால அவரைக் கொன்னுடாத, போயிடு" என்று. போய்விட்டேன்.

கண்ணாடிக் கடையின் பின்னறையில் உட்கார்ந்து லென்ஸ் அரைக்கும்போது இந்த வருஷத்தில் நல்லதாக ஏதாவது நடந்ததா என்று தேடிப் பார்க்கிறேன். வேறு எதுவும் தட்டுப்படவில்லை, சாப்பாடுதான் ஞாபகம் வருகிறது. அண்ணனைச் சேர்த்த முதல் நாள் மத்தியானம் வார்டுக்கு வெளியே பெஞ்சில் பேயறைந்த மாதிரி உட்கார்ந்திருந்தோம். பக்கத்துப் படுக்கைக்காரரின் மனைவி, முன்பின் தெரியாதவர், தன் பொட்டலத்தைப் பிரித்து ரொட்டியும் ஆம்லெட்டும் பாதியைக் காகிதத்தோடு கிழித்து நம் மடியில் வைத்தார். "பசிக்கலன்னு சொல்லாதீங்க, எனக்கும் முதல் நாள் பசிக்கல" என்றார். நீங்கள் பெரிய பங்கை என் பக்கம் தள்ளினீர்கள். அன்றைக்கு அது தொண்டையில் இறங்கியதால்தான் நான் சாயங்காலம் வரை நின்றேன். இதுவரை உங்களுக்கு நன்றி சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன்.

ஒரு மணி நேரம் வந்து அவனைப் பார்க்க விடுங்கள். தட்டு, ஸ்பூன் எதையும் தொட மாட்டேன். அப்பா அம்மா போனபிறகு எனக்கு இருக்கிற ஒரே ஆள் அவன்தான்.

உங்கள் நாத்தனார்

-

நவம்பர் 12

உன் கடிதம் வந்தது.

உன் அண்ணனுக்குக் காய்ச்சல் இல்லை. எடை ஐம்பத்தேழு கிலோ. குழாய் வழியாக ஒரு நாளைக்கு ஆறு தடவை, தடவைக்கு இருநூறு மில்லி. வலது கால் கொஞ்சம் ஊன்றுகிறார். பேச்சு நீ பார்த்த அளவில்தான் இருக்கிறது. லிஃப்ட் கம்பெனியிலிருந்து அவருடைய கூட்டாளிகள் வந்து, அவர் பெட்டியில் கிடந்த ஸ்பானர்களைத் துடைத்துக் கொடுத்துவிட்டுப் போனார்கள். தினமும் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

நீ வர வேண்டாம். சண்டை போட எனக்குத் தெம்பு இல்லை. சமாதானம் ஆவதற்கு அதைவிட அதிகத் தெம்பு வேண்டும்.

அந்த அம்மா கொடுத்தது ஆம்லெட் இல்லை. அவித்த முட்டை. எனக்கு இறங்காததால்தான் உன் பக்கம் தள்ளினேன். அதற்கெல்லாம் நன்றி சொல்லாதே.

நான் ஆபீசுக்குத் திரும்பவும் போகிறேன், அரை நாள் மட்டும். அந்த நேரத்துக்கு ஒரு நர்ஸ் பெண் வருகிறாள். வீட்டில் நான் சாப்பிடுவது பின் பால்கனியில் வாஷிங் மெஷின் பக்கத்தில் நின்றுகொண்டு. கதவைச் சாத்திவிடுவேன். சூடாக எதையும் சாப்பிடுவதில்லை. ஆறின சாப்பாட்டில் வாசம் வராது. மூக்கில் குழாயோடு இருக்கிற மனுஷனுக்கு வாசத்தைக் காட்டுவது பாவம். ஜனவரியிலிருந்து இப்படித்தான், நடுவில் குழாய் இல்லாமல் இருந்த மாசங்கள் தவிர. இதை ஏன் உனக்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை. கேட்க ஆள் இல்லாததால் இருக்கும்.

இன்னொன்று. அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி இனிமேல் எழுதாதே. நான்தான் செய்தேன் என்று யாரிடமும் சொல்லிக்கொண்டும் திரியாதே. அதைப் படித்துவிட்டு நான் இரண்டு நாள் ஆபீசில் ஒரு கோடு நேராகப் போடவில்லை.

-

நவம்பர் 20

அன்புள்ள அண்ணிக்கு,

அவித்த முட்டை என்றே வைத்துக்கொள்வோம். நீங்கள் பிழை திருத்துவீர்கள் என்று எனக்குத் தெரியும். பதில் வரட்டும் என்று வேண்டுமென்றே தப்பாக எழுதினேன் என்றால் நம்புவீர்களா? நம்ப வேண்டாம், எனக்கு நிஜமாகவே ஆம்லெட் என்றுதான் ஞாபகம்.

கதவைச் சாத்திக்கொண்டு ஆறின சோற்றைத் தின்கிறீர்களே, அது எனக்குத் தெரியவே தெரியாது. வாரம் மூன்று நாள் வந்துகொண்டிருந்தேன். நீங்கள் எப்போது சாப்பிடுகிறீர்கள் என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. என்னை எதால் அடிப்பது?

ஏப்ரலில் ஒரு நாள் ஆபீசில் லீவுக்குச் சண்டை போட்டுவிட்டு நேராக என் அறைக்கு வந்தீர்கள், ஞாபகம் இருக்கிறதா? சோற்றில் ஒரு தக்காளியைப் பிசைந்து உப்புப் போட்டுக் கொடுத்தேன். அடுப்பில் கேஸ் தீர்ந்துபோயிருந்தது, அவ்வளவுதான் முடிந்தது. பாதி சாப்பாட்டில் சுவரில் சாய்ந்து தூங்கிவிட்டீர்கள், கை தட்டிலேயே இருந்தது. எழுப்ப மனசு வரவில்லை. ஈரத்துணியால் உங்கள் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்துவிட்டேன். கல்யாணம் ஆகி இந்த வீட்டுக்கு வந்து பதினாறு வருஷத்தில் நீங்கள் என்னிடம் ஒன்றும் கேட்காமல் இருந்தது அந்த ஒரு மணி நேரம்தான். எனக்குப் பெருமையாக இருந்தது.

அப்புறம் ஜூலை. விழுங்கப் பழக்கிவிட வரும் டீச்சர் பெண் முதல் ஸ்பூன் உருளைக்கிழங்கு மசியலை அவன் வாயில் வைத்தாள். தண்ணீரில்கூட கெட்டியாக்குகிற பொடியைப் போட்டுக் கூழ் மாதிரி ஆக்கித்தான் கொடுக்கவேண்டும் என்று ஆயிரம் தடவை சொன்னாள். மெல்லிய தண்ணீர் கண்மூடித் திறப்பதற்குள் மூச்சுக்குழாய்க்குள் போய்விடுமாம். நீங்கள் அதைச் சிவப்பு மையில் எழுதி ஒட்டினீர்கள். அண்ணன் ஆறு மாசம் கழித்து வாயில் வந்த சாப்பாட்டை விழுங்கினான், கண்ணில் தண்ணீர் வழிந்தது, நாம் எல்லோரும் அழத் தயாரானோம். அவன் தெளிவாக ஒரே ஒரு வார்த்தை சொன்னான். "உப்பு." உப்பு இல்லையாம். சாப்பாட்டு ராமன். நாம் மூன்று பேரும் சிரித்த மாதிரி இந்த வருஷத்தில் வேறு யார் சிரித்திருப்பார்கள்?

எழுதாதே என்கிறீர்கள். சரி. ஆனால் நான் சொல்லாவிட்டாலும் மற்றவர்கள் சொல்கிறார்கள். போன வாரம் சித்தியின் பேத்தி வந்திருக்கிறாள் என்று பார்க்கப் போனேன். குழந்தைக்கு வாழைப்பழம் மசித்து வாயருகே கொண்டுபோனேன். சித்தி கிண்ணத்தை மெதுவாக என் கையிலிருந்து வாங்கி, "நீ விடும்மா, நான் ஊட்டிக்கிறேன்" என்றார். கத்தியிருந்தால் திருப்பிக் கத்தியிருப்பேன். அவ்வளவு பதமாகச் சொன்னதால் செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன். அன்றிலிருந்து கை நடுங்குகிறது. மூன்று லென்ஸை அளவு தப்பி அரைத்துவிட்டேன். முதலாளி என்னை மெஷினிலிருந்து எடுத்து முன்னால் கவுண்டரில் உட்காரவைத்துவிட்டார்.

அவர்களுடைய இன்னொரு கடைக்கு ஆள் வேண்டுமாம். ரயிலில் ஒன்றரை நாள் தூரம். அங்கே என்னை யாருக்கும் தெரியாது, எந்தக் கிண்ணத்தையும் என் கையிலிருந்து யாரும் வாங்க மாட்டார்கள். ஜனவரியில் சேர வேண்டும். உங்களுக்கு நான் வேண்டாம் என்றால் போய்விடுகிறேன்.

நாத்தனார்

-

நவம்பர் 29

வாயாடிக்கு,

உன் அண்ணன் உன்னைக் கூப்பிடுகிற பெயரிலேயே எழுதுகிறேன். இதை மூன்று தடவை எழுதிக் கிழித்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நீ அவருக்கு இரண்டு ஸ்பூன் கொடுத்தாய். ஊறின ரொட்டி அவருடைய பட்டியலில் இருந்ததுதான். நேரம் மட்டும்தான் தப்பு. அவர் விழுங்கினார், ஒன்றும் ஆகவில்லை. கீழ்வீட்டுக்காரர் பெல் அடித்து மாடித் தொட்டி வழிகிறது என்றார். மோட்டாரை நிறுத்த நீ கீழே ஓடினாய். நான் துணியை விட்டுவிட்டு உள்ளே வந்தேன். மடியில் கிண்ணம், உதட்டில் ரொட்டி. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒன்பது மாசமாக நிமிஷக் கணக்குப் பார்த்து நான் கட்டி வைத்ததை நீ வந்து விளையாட்டுக்கு உடைத்தாய் என்று கோபம். உன் மேல் இருந்த கோபத்தை அவரிடம் காட்டினேன். "வாயில இருக்கிறத முழுங்கித் தொலைங்க" என்று சொல்லி, கையிலிருந்த டம்ளரை அவர் வாயில் வைத்துச் சாய்த்தேன்.

அது என் டம்ளர். நான் குடித்துக்கொண்டிருந்த தண்ணீர். பொடி கலக்காத தண்ணீர்.

இரண்டாவது மடக்கில் எனக்குத் தெரிந்துவிட்டது. அதற்குள் இருமல் ஆரம்பித்துவிட்டது. நீ ஓடி வந்தாய், கிண்ணத்தைப் பார்த்தாய், "ஐயோ, நான்தான் அண்ணி, நான்தான் ரொட்டி குடுத்தேன்" என்று தலையில் அடித்துக்கொண்டாய். நான் வாயைத் திறக்கவில்லை. ஆஸ்பத்திரியில் டாக்டர் என்னைக் கேட்டார், "தண்ணி ஏதாவது குடிச்சாரா?" "பொடி கலந்ததுதான் சார்" என்றேன். அவர் எழுதிக்கொண்டார். படியில் உன்னைச் சொன்னேனே, அது நான் என்னையே சொல்லவேண்டிய வார்த்தை. சொல்லிவிட்டு உன் முகத்தைப் பார்க்கப் பயந்துதான் போகச் சொன்னேன். போனைத் தடுத்ததும் அதற்குத்தான்.

ஐசியூவில் இருந்த பதினொரு நாளும் மத்தியானம் வாட்ச்மேன் ஒரு டிபன் கேரியர் கொண்டுவந்து கொடுத்தார். யார் கொடுத்தார்கள் என்று சொல்ல மாட்டேன் என்றார். மூடி கழன்றுவிடாமல் இருக்க கண்ணாடி துடைக்கும் மஞ்சள் துணியைச் சுற்றியிருந்தாய், பைத்தியமே. முதல் நாளே தெரிந்துவிட்டது. பொய் சொல்லி நான் விரட்டிவிட்ட பெண் சமைத்த சாப்பாடு என்று தெரிந்தும் சாப்பிட்டேன். ஒரு நாளும் மிச்சம் வைக்கவில்லை. சூடாக இருந்தது. இந்த வருஷத்தில் யாருக்காவது நான் கடன்பட்டிருக்கிறேன் என்றால் அந்தப் பதினொரு மத்தியானத்துக்குத்தான். ஒவ்வொரு நாளும் நன்றியும் வெட்கமுமாகத்தான் இறங்கியது.

இப்போது இன்னொரு கஷ்டம். போன வாரம் டீச்சர் பெண் வந்து பார்த்துவிட்டு, மசித்த சாப்பாட்டை மறுபடி ஆரம்பிக்கலாம் என்றாள். அவள் ஊட்டினால் வாயைத் திறக்கிறார். நான் ஸ்பூனைக் கொண்டுபோனால் உதட்டை இறுக்கிக்கொள்கிறார். ஐந்து நாளாக இப்படி. அன்றைக்கு எந்த டம்ளர் என்று அவர் பார்த்தார். அவருக்குத் தெரியும். என் முகத்தைப் பார்த்து வாயை மூடுகிறார்.

மன்னிப்புக் கேட்க எனக்கு முகம் இல்லை. நீ ஊரை விட்டுப் போகாதே என்று சொல்லவும் உரிமை இல்லை. உண்மை உன்னிடம் இருக்கவேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

அண்ணி

-

டிசம்பர் 6

அண்ணிக்கு,

பரவாயில்லை என்று எழுதுவேன் என்று எதிர்பார்த்தால், எழுத மாட்டேன்.

பத்து வாரம். பத்து வாரமாக இந்தக் கையைப் பார்த்துப் பார்த்து அருவருப்பாக இருந்தது எனக்கு. டம்ளர் மாறியது யாருக்கும் நடக்கும். நான் உங்களை அதற்காக ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன், ஒன்பது மாசம் தூங்காத ஆள் நீங்கள். ஆனால் நான் தலையில் அடித்துக்கொண்டு நின்றபோது பார்த்துக்கொண்டு நின்றீர்களே. அதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. சித்தி கிண்ணத்தைப் பிடுங்கியதை எழுதாமல் இருந்திருந்தால் இப்போதும் சொல்லியிருப்பீர்களா?

உங்கள் கடிதத்தைக் கடையில் சாப்பாட்டு இடைவேளையில் படித்தேன். படித்துவிட்டு எதிர் ஓட்டலுக்குப் போய் சூப்பும் ரொட்டியும் கேட்டேன். செப்டம்பரிலிருந்து அந்த இரண்டையும் என்னால் பார்க்கவே முடியவில்லை. இரண்டு கிண்ணம் சூப் குடித்தேன். ரொட்டியைத் தொட்டுத் தொட்டுத் தின்றேன். அழுதுகொண்டே தின்றதைப் பார்த்து சப்ளையர் மிளகு ஜாஸ்தியா என்று கேட்டார். ஆமாம் என்றேன். உங்கள் மேல் இருந்த கோபமும், சொன்னீர்களே என்ற நன்றியும் ஒரே வாயில் இறங்கின. எது எது என்று பிரிக்க எனக்குத் தெரியவில்லை. களைப்பாக இருக்கிறது.

சித்திக்கு நீங்களே சொல்லுங்கள். டாக்டரிடமும் சொல்லுங்கள், அவர் தப்பாக எழுதி வைத்திருக்கிறார். அண்ணன் வாயை மூடுவது எதற்கு என்று நீங்களாகக் கணக்குப் போடாதீர்கள். அவனிடம் கேளுங்கள். ஒரு வருஷமாக அவனைச் சுற்றி நின்று நாம்தான் பேசிக்கொண்டிருக்கிறோம். 

-

டிசம்பர் 14

வாயாடிக்கு,

சித்தியிடம் போனில் சொல்லிவிட்டேன். "அந்தப் பொண்ணு கையிலிருந்து கிண்ணத்தை வாங்கினேனேடி" என்று அழுதார். உன் அறைக்கு வருவார், கதவைத் திற. டாக்டரிடமும் போனேன். திட்டுவார் என்று நினைத்தேன். பழைய காகிதத்தை எடுத்துத் திருத்திவிட்டு, "நீங்க எத்தனை மணி நேரம் தூங்குறீங்க?" என்று கேட்டார். எழுந்து வந்துவிட்டேன்.

உன் அண்ணனிடம் கடைசியாகச் சொன்னேன். அவர் எதிரில் நாற்காலியைப் போட்டு, டம்ளர் என்னுடையது, பழியை உன் மேல் போட்டது நான், எல்லாம் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்தார். "தெ...ரியும்" என்றார். அதற்கு அப்புறம்தான் நான் கேட்டேன், அதனாலதான் நான் ஊட்டினா வாயைத் திறக்க மாட்டேங்கிறீங்களா என்று.

இல்லை என்று தலையை ஆட்டினார். கையிலிருந்த ஸ்பானரால் பால்கனிக் கதவைக் காட்டினார். "நீ... அங்க... நின்னு..." அதற்கு மேல் வரவில்லை. மறுபடி ஆரம்பித்தார். "இங்க... சாப்பிடு." பத்து நிமிஷம் ஆயிற்று இதைச் சொல்ல. அவர் எதிரில் நின்று ஸ்பூனும் துண்டுமாக நான் அவர் தொண்டையையே பார்த்துக்கொண்டிருப்பேன், சாப்பிட மாட்டேன். அப்புறம் கதவைச் சாத்திக்கொண்டு போய்விடுவேன். இத்தனை மாசமும் அந்தக் கதவுக்குப் பின்னால் நான் என்ன செய்கிறேன் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. வாசம்தான் வராது. தட்டுச் சத்தம் கேட்குமே, அது எனக்குத் தோன்றவில்லை.

என் ஆறின ரொட்டியை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். அதையும் பார்த்துத் தலையை ஆட்டினார். "சூடு" என்றார். எழுந்துபோய் ஒரு முட்டையைப் பொரித்தேன். எண்ணெயில் விழுந்ததும் வீடு முழுக்க வாசம். பாவம் செய்கிறேனோ என்று இருந்தது எனக்கு. திரும்பிப் பார்த்தால் கண்ணை மூடி மூச்சை இழுத்துக்கொண்டிருந்தார். நான் ஒரு வாய் தின்றேன். அவர் வாயைத் திறந்தார். அவருக்கு ஒரு ஸ்பூன் மசியல், எனக்கு ஒரு வாய் முட்டை. நாலு ஸ்பூன் இறங்கியது. அவர் வாயில் ஸ்பூனை வைத்துவிட்டு நான் என் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தது இதுதான் முதல் தடவை.

இந்த வருஷத்தை யாராவது என்னிடம் திருப்பிக் கொடுத்தால் தூக்கிப் போட்டுவிடுவேன். அந்த முட்டையை மட்டும் வைத்துக்கொள்வேன்.

தண்ணீர் மட்டும் இன்னும் நர்ஸ் பெண்தான் கொடுக்கிறாள். பொடி கலந்து வைத்த பிறகும் டம்ளரை எடுத்தால் என் கை அவர் வாய்வரை போக மாட்டேன் என்கிறது. ஞாயிற்றுக்கிழமை அவள் வர மாட்டாள்.

உன் நம்பரைத் திறந்துவிட்டேன். கூப்பிடக் கூச்சமாக இருக்கிறது. நீ வந்தால் கதவைத் திறப்பேன். வராவிட்டாலும் கேட்க மாட்டேன். அவர் என்னிடம் ஒன்று கேட்டார், "எங்க... வாயாடி?" என்று. நான் என்ன சொல்ல?

அண்ணி

-

டிசம்பர் 18

அண்ணிக்கு,

உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும், இதை எழுதத்தான் நாலு நாள் ஆயிற்று. இந்த மாசம் ஏழாம் தேதி கோபத்தில் அந்த வெளியூர்க் கடைக்குப் போகிறேன் என்று கையெழுத்துப் போட்டுவிட்டேன். நேற்று முதலாளியிடம் மாற்ற முடியுமா என்று கேட்டேன். என் இடத்துக்கு ஆள் எடுத்துவிட்டார்களாம். ஜனவரி எட்டு காலையில் எனக்கு ரயில். ஒரு வருஷமாவது அங்கே இருக்க வேண்டும்.

அழாதீர்கள். நானும் அழுது முடித்துவிட்டேன். சித்தி வந்து ஒரு பாத்திரம் நிறையச் சோறு வைத்துவிட்டு, பேத்தியை என் மடியில் உட்காரவைத்து ஸ்பூனை என் கையில் கொடுத்தார். குழந்தை என் சட்டை முழுக்கத் துப்பியது. கை நடுங்கவில்லை.

அண்ணனிடம் வாயாடி ஞாயிற்றுக்கிழமை வருகிறாள் என்று சொல்லுங்கள். இருபத்தொன்றாம் தேதியிலிருந்து ஜனவரி ஏழாம் தேதிவரை பதினெட்டு நாள். கடை விட்டதும் நேராக வந்துவிடுவேன், தினமும் ஒரு வேளை அங்கேதான் சாப்பாடு. பதினெட்டு வேளை. அதற்குள் உங்களை மன்னித்துவிடுவேனா என்று தெரியாது. மன்னிக்காமலும் சேர்ந்து சாப்பிடலாம், நம் வீட்டில் அது புதிதில்லை. வருகிறபோது எல்லாம் சூடாக இருக்கட்டும்.

அவனுக்கு நான் ஊட்டுகிறேன். தண்ணீரை நீங்கள்தான் கொடுக்க வேண்டும். நான் போனபிறகும் ஞாயிற்றுக்கிழமை வரும், அண்ணி, பழகிக்கொள்ளுங்கள். பொடியைக் கலந்து டம்ளரைக் கையில் எடுங்கள். சரியாக இருக்கிறதா என்று நான் எட்டிப் பார்க்க மாட்டேன். நான் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பேன்.

வாயாடி